குளிர் இறங்கும் முன் தோட்டத்துக்குச் செய்ய வேண்டியவை

கடுங்குளிர் முடிந்து பனி கரைந்ததும் தோட்டத்தில் மூன்று வகைச் சேதம் கண்ணில் படும். குழாயும் மண்தொட்டியும் வெடித்திருக்கும். இலை உதிராத செடிகள் ஒரு பக்கமாகப் பழுப்பேறி நிற்கும். இலையுதிர் காலத்தில் நட்ட செடி வேர் தெரிய மண்ணுக்கு மேலே கிடக்கும். மூன்றையும் செய்தது தண்ணீர்தான். உறையும்போது தண்ணீர் ஏறக்குறைய 9 சதவீதம் விரிகிறது. விரிய இடமில்லாமல் அடைபட்டிருந்தால் அடைத்ததை உடைக்கிறது. மண்ணுக்குள் உறைந்துவிட்ட தண்ணீரை வேரால் உறிஞ்ச முடியாது, செடி காய்கிறது. பகலில் இளகி இரவில் உறையும் மண் பொங்கிப் பொங்கித் தாழ்ந்து செடியை மேலே தள்ளிவிடுகிறது. அதனால் இந்தப் பருவத்து வேலைகள் பெரும்பாலும் மூன்றில் அடங்கும்: தேங்கக் கூடாத இடத்தில் தண்ணீரை வடிப்பது, தேவையான இடத்தில் முன்கூட்டியே ஊற்றி வைப்பது, உறைந்த மண்ணை உறைந்தபடியே காப்பது.

வேலை தொடங்கும் முன் உங்கள் பகுதிக்கான இரண்டு நாட்களைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, வழக்கமாக முதல் உறைபனி விழும் நாள். மற்றது, மண்ணே இறுகி உறையும் காலம். இது முதல் உறைபனிக்குச் சில வாரங்கள் கழித்து வரும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் மூடாக்கு (செடியடியில் பரப்பும் வைக்கோல், இலைப் போர்வை) சீக்கிரம் போடப்படுகிறது, பூண்டு தாமதமாக நடப்படுகிறது. தேதியைவிட வெப்பமானியை நம்புவது நல்லது. சமையலறையில் பயன்படும் கம்பி வெப்பமானியை மண்ணில் 10 செ.மீ. செருகிப் பார்த்தாலே போதும்.

புல்தரை

இங்கே சொல்வது குளிர்நாட்டுப் புல் வகைகளுக்கு: புளூகிராஸ், ஃபெஸ்க்யூ, ரைகிராஸ். இவற்றுக்குக் கோடையைவிட இலையுதிர் காலமே வளரும் பருவம். மேலே காற்று குளிர்ந்தாலும் மண்ணில் சூடு மிச்சமிருப்பதால் வேர் நன்றாக ஓடும்.

முதல் உறைபனிக்கு 6 வாரம் இருக்கும்போதே இறுகிய புல்தரையைத் துளையிட வேண்டும். ஆணி போன்ற முனையால் குத்துவது வீண். அது பக்கத்து மண்ணை இன்னும் இறுக்கும். 5 முதல் 7 செ.மீ. ஆழத்துக்கு மண்ணை உருளையாகப் பிடுங்கிப் போடும் இயந்திரம்தான் வேண்டும். பிடுங்கிய மண் உருண்டைகளை அள்ள வேண்டாம், மழையில் கரைந்துவிடும். சொட்டையான இடங்களில் விதை தூவவும் இதுவே நேரம், துளைகளில் விதை மண்ணோடு ஒட்டும். முளைக்கும் வரை மேல்மண் காயக் கூடாது. ரைகிராஸ் ஒரு வாரத்தில் முளைத்துவிடும். புளூகிராஸுக்கு 2 முதல் 3 வாரம் பிடிக்கும், அதற்குள் பொறுமையிழந்து மறுபடி தூவாதீர்கள்.

ஆண்டுக்கு ஒரே முறை உரமிடுவதாக இருந்தால் அதை இலையுதிர் காலத் தொடக்கத்தில் இடுங்கள். அளவு, சதுர மீட்டருக்குச் சுமார் 5 கிராம் தழைச்சத்து. உரப் பையில் அச்சிட்டிருக்கும் மூன்று எண்களில் முதலாவதுதான் தழைச்சத்தின் சதவீதம். அது 20 என்றால் 100 சதுர மீட்டருக்கு 2.5 கிலோ போதும். மெல்லக் கரையும் வகையாக இருக்கட்டும். மண் உறைந்த பிறகு போட்ட உரம் வேருக்குப் போகாது, பனி கரையும்போது நேராகச் சாக்கடைக்குப் போகும்.

கடைசி வெட்டைப் பற்றி ஆளுக்கொரு கருத்து உண்டு. வளர்ச்சி நின்றபோது புல் 5 முதல் 6 செ.மீ. உயரத்தில் இருப்பதே பாதுகாப்பு. நீளமாக விட்டால் பனிக்கடியில் மடிந்து படுத்து, வசந்தத்தில் வட்ட வட்டமாகச் சாம்பல் நிறப் பூஞ்சை பிடிக்கும். ஒட்ட வழித்துவிட்டால் மண்ணை ஒட்டிய அடியில் இருக்கும் வளர்முனையைக் குளிர்காற்று தாக்கும். ஒரே நாளில் குறைக்காமல், ஒவ்வொரு முறையும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாமல், இரண்டு மூன்று வெட்டில் அந்த உயரத்துக்கு வாருங்கள்.

உதிர்ந்த இலைகள்

இலையைக் கூட்டிப் பையில் கட்டி வெளியே வைப்பது, இலவசமாக வந்த உரத்தைத் தூக்கிக் கொடுப்பதுதான். மெல்லிய படலமாகக் கிடக்கும் இலைமீது, காய்ந்திருக்கும்போது, புல்வெட்டியை இரண்டு முறை ஓட்டுங்கள். நாணய அளவுத் துண்டுகளாகிப் புல்லுக்கிடையில் இறங்கிவிடும். ஓட்டி முடித்த பிறகும் புல் பாதிக்கு மேல் மறைந்திருந்தால் இலை அதிகம் என்று பொருள். அந்த உபரியை அள்ளிப் பாத்திகளில் பரப்பலாம், அல்லது கம்பிவலைக் கூண்டில் ஈரமாகக் குவிக்கலாம். ஓரிரு ஆண்டில் அது கருத்துப் பொலபொலவென்று மட்கிவிடும்.

முழு இலையாகப் புல்மீது விட்டால் நனைந்து தோல்போல ஒட்டிக்கொண்டு கீழே காற்றும் வெளிச்சமும் போகாது. அகன்ற இலைகளில் இது இன்னும் மோசம். கறுப்பு வால்நட் மரத்து இலைகளை மட்டும் தனியே ஒதுக்குங்கள். அதிலுள்ள ஜக்லோன் என்ற பொருள் தக்காளி போன்ற செடிகளை வாட்டும்.

பாத்திகளை மொட்டையடிப்பது பழைய வழக்கம். இப்போது பலரும் கைவிட்டு வருகிறார்கள், சரியான காரணத்தோடுதான். காய்ந்த பூந்தண்டு பனியைப் பிடித்து வைக்கும், விதைகளைப் பறவைகள் தின்னும், உள்ளீடற்ற தண்டுகளில் சிறு தேனீ வகைகள் குளிரைக் கழிக்கும். வசந்தத்தில் வெட்டிக்கொள்ளலாம். ஆனால் நோய் பட்டதை விட்டுவைக்கக் கூடாது. கருகல் கண்ட தக்காளிக் கொடி, புள்ளி விழுந்த ரோஜா இலை, சாம்பல் பூஞ்சை பிடித்த பியோனித் தண்டு ஆகியவற்றை அடியோடு வெட்டி அகற்றுங்கள். வீட்டு மட்குக் குவியலில் போடாதீர்கள், நோய்க்கிருமியைக் கொல்லும் அளவுக்கு அது சூடாவது அரிது.

குழாய்கள்: பணம் போகும் இடம்

மற்ற எதைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடாதீர்கள். செடி போனால் வேறு நடலாம். சுவருக்குள் குழாய் வெடித்தால் சுவரை உடைக்க வேண்டும்.

வெளிக்குழாய்க்கு வீட்டுக்குள்ளே ஓர் அடைப்பு வால்வு இருக்கும். அதை மூடுங்கள். பிறகு வெளிக்குழாயைத் திறந்து தண்ணீர் வடியவிடுங்கள். உள் வால்வின் பக்கவாட்டில் சிறு மூடி ஒன்று இருந்தால், கீழே வாளி வைத்து அதையும் திருகித் திறங்கள். காற்று உள்ளே போனால்தான் நடுவே தங்கிய தண்ணீர் முழுதும் இறங்கும். வடிந்ததும் மூடியை மாட்டிவிட்டு, வெளிக்குழாயைச் சற்றுத் திறந்தபடியே விட்டுவிடலாம்.

உறையாத வகைக் குழாய் என்று விற்பதில் வால்வு சுவருக்குள் 20, 30 செ.மீ. தள்ளி, சூடான பக்கத்தில் இருக்கும். மூடியதும் வெளிப்பக்கக் குழலில் உள்ள தண்ணீர் தானாக வடிய வேண்டும் என்பதுதான் அதன் வேலைமுறை. நீர்க்குழாய் ஹோஸை அதில் மாட்டியபடியே விட்டால் தண்ணீர் வடிய வழியில்லை. குழல் சுவருக்குள்ளேயே பிளக்கும். வேடிக்கை என்னவென்றால் குளிர்காலம் முழுவதும் ஒன்றும் தெரியாது. வசந்தத்தில் முதல் முறை திறக்கும்போதுதான் சுவருக்குள் தண்ணீர் கொட்டும். ஆகவே எந்த வகைக் குழாயானாலும் ஹோஸைக் கழற்றுங்கள். ஹோஸை ஒரு முனையிலிருந்து தோள்மேல் போட்டுக்கொண்டே நடந்து தண்ணீரை வடித்துச் சுருட்டி உள்ளே தொங்கவிடுங்கள்.

மண்ணுக்கடியில் ஸ்பிரிங்க்ளர் குழாய் போட்டிருந்தால், தானாக வடியும் அமைப்பு இல்லாத பட்சத்தில் காற்றடித்துத்தான் தண்ணீரைத் தள்ள வேண்டும். கம்ப்ரசர் பிடிபடாதவர்கள் ஆள் வைத்துச் செய்துகொள்வதே மேல். தாங்களே செய்பவர்களுக்கு வரிசை இது:

1. தண்ணீர் வரும் முதன்மை வால்வை மூடுங்கள்.
2. தண்ணீர் பின்னோக்கிப் பாய்வதைத் தடுக்கும் கருவிக்கு அடுத்தாற்போல் உள்ள இணைப்பில் கம்ப்ரசரை மாட்டுங்கள். அந்தக் கருவி வழியாகக் காற்றைத் தள்ளினால் அதன் உள்பாகங்கள் கெடும்.
3. கம்ப்ரசரிலிருந்து மிகத் தொலைவில் அல்லது மிக உயரத்தில் உள்ள பகுதியின் (ஒரே வால்வில் இயங்கும், தண்ணீர் தெளிக்கும் தலைகளின் தொகுப்பு) வால்வை முதலில் திறங்கள். எல்லாம் மூடியிருக்கும்போது காற்றை ஏற்றக் கூடாது.
4. அழுத்தத்தை மெல்ல ஏற்றுங்கள். கறுப்புப் பாலித்தீன் குழாய்க்கு 50 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு), பிவிசி குழாய்க்கு 80 பிஎஸ்ஐ என்பதைத் தாண்ட வேண்டாம்.
5. தலைகளிலிருந்து தண்ணீர் போய் மெல்லிய புகைபோலச் சாரல் வந்ததும் நிறுத்துங்கள். ஒரு பகுதிக்கு ஒரு முறையில் 2 நிமிடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். தண்ணீர் இல்லாமல் வெறுங்காற்றில் சுழலும் பிளாஸ்டிக் பற்சக்கரங்கள் உராய்ந்து சூடேறி உருகும்.
6. எல்லாப் பகுதிகளையும் முடித்துவிட்டு இன்னொரு சுற்று, இம்முறை சுருக்கமாக, ஓட்டுங்கள். நீளமாக ஒரு முறை அடிப்பதைவிட இரண்டு குறுகிய சுற்றுகளில் தண்ணீர் நன்றாகப் போகும்.

தோல்வி பெரும்பாலும் அழுத்தத்தால் வருவதில்லை, காற்றின் அளவு போதாமல் வருகிறது. டயருக்குக் காற்றடிக்கும் சின்ன கம்ப்ரசர் 80 பிஎஸ்ஐ காட்டும். ஆனால் அது தரும் கொஞ்சக் காற்று தண்ணீருக்கு மேலாக வழுக்கிக்கொண்டு போய்விடும், பள்ளத்தில் தண்ணீர் அப்படியே கிடக்கும். ஒரு பகுதிக்கு நிமிடத்துக்கு 10 முதல் 20 கன அடிக் காற்றையாவது தொடர்ந்து தரக்கூடியதை வாடகைக்கு எடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். அழுத்தம் இருக்கும்போது தலைகள்மீதோ வால்வுகள்மீதோ குனியாதீர்கள்.

கடைசியாக, தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் கருவியின் உருண்டை வால்வுகளை முழுக்க மூடாமலும் திறக்காமலும் 45 பாகையில் நிறுத்துங்கள். முழுதாக மூடினால் உருண்டைக்கும் உறைக்கும் இடையில் சிக்கிய ஒரு தேக்கரண்டித் தண்ணீரே பித்தளையைப் பிளந்துவிடும்.

அழுத்த நீர் அடித்துக் கழுவும் இயந்திரத்தை மறந்துவிடுவார்கள். அதன் பம்பில் தங்கும் தண்ணீர் பம்பையே உடைக்கும். உறையாத இடத்தில் வையுங்கள், முடியாவிட்டால் பம்புக்கென்றே விற்கும் உறைதடுப்பு திரவத்தை ஓட்டுங்கள். மழைநீர்ப் பீப்பாயைக் காலிசெய்து கவிழ்த்துவிட்டு, கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயை வீட்டு அடித்தளத்திலிருந்து 1.5 மீட்டராவது தள்ளி விடுங்கள். இலை முழுதும் கொட்டிய பிறகு கூரை ஓரத்துப் பீலியைச் சுத்தம் செய்தால் ஒரே முறையில் முடியும்.

மரங்களும் புதர்களும்

கவாத்துக் கத்தரியை இப்போது உள்ளே வைத்துவிடுங்கள். இலையுதிர் காலத் தொடக்கத்தில் வெட்டினால் மரம் புதுத்துளிர் விடும், அந்தத் துளிர் முற்றும் முன் உறைபனியில் கருகும். லைலாக், ஃபார்சித்தியா போல வசந்தத்தில் பூப்பவை அடுத்த ஆண்டு மொட்டைக் கோடையிலேயே கட்டிவிட்டிருக்கும். இப்போது வெட்டுவது பூவை வெட்டுவதுதான். ஒடிந்த கிளை, காய்ந்த கிளை மட்டும் விதிவிலக்கு.

இப்போது அவற்றுக்குத் தேவை தண்ணீர். துஜா, பாக்ஸ்வுட், ரோடோடென்ட்ரான், இளம் பைன் மரங்கள் குளிர்காலம் முழுக்க இலையோடு நிற்பதால் வெயிலிலும் காற்றிலும் ஈரத்தை இழந்துகொண்டே இருக்கும். மண் உறைந்திருப்பதால் ஈடுசெய்ய முடியாது. வசந்தத்தில் காணும் பழுப்பு அந்தத் தாகத்தின் அடையாளம். பக்கத்து மரங்கள் இலை உதிர்த்த பின் தொடங்கி மண் உறையும் வரை, மழை இல்லாத வாரங்களில் ஒருமுறை ஆழமாக ஊற்றுங்கள். தண்டின் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 40 லிட்டர் என்பது இளமரங்களுக்கு நல்ல கணக்கு. அடிமரத்தில் கொட்டாமல் கிளை விரிவின் ஓரம் வரை மெல்ல இறங்கும்படி விடுங்கள். காற்று அடிக்கும் பக்கத்தில் முளைகள் அடித்துச் சணல் சாக்கைத் திரையாகக் கட்டலாம். சாக்கு இலையைத் தொடக் கூடாது. பிளாஸ்டிக் தாள் சுற்றவே கூடாது, வெயிலில் உள்ளே வெந்துவிடும்.

ஆப்பிள், செர்ரி, மேப்பிள் போன்ற மெல்லிய பட்டை கொண்ட இளமரங்களுக்கு இன்னோர் ஆபத்து உண்டு. பிற்பகல் வெயில் படும் பக்கம் பட்டை சூடாகிச் செல்கள் விழித்துக்கொள்ளும், சூரியன் மறைந்ததும் சட்டென்று உறையும், அந்தப் பட்டை செத்து நீளமாக வெடிக்கும். வெள்ளை நிறத் தண்டுறையை அடியிலிருந்து முதல் கிளை வரை சுற்றுங்கள். பனி கரைந்ததும் கட்டாயம் கழற்றுங்கள், இல்லாவிட்டால் உள்ளே பூச்சியும் ஈரமும் சேரும்.

பனிக்கடியில் சுரங்கம் போட்டுத் திரியும் சிறு எலி வகைகளும் முயலும் பட்டையைச் சுற்றிவரக் கடித்தால் மரம் பிழைக்காது. 6 மி.மீ. கண் கொண்ட கம்பிவலையை உருளையாக்கி, தண்டைத் தொடாமல், மண்ணுக்குள் 5 செ.மீ. புதைத்து நிறுத்துங்கள். உயரத்தைப் பனி படியும் மட்டத்துக்கு மேலே கணக்கிட வேண்டும். முயல் பனிமீது நின்று கடிக்கும் என்பதை மறந்து தரையிலிருந்து அளப்பவர்கள் அதிகம்.

மூடாக்கு: தாமதமே நல்லது

பல்லாண்டுப் பூச்செடிகளுக்கு மூடாக்கு போடுவது கதகதப்பாக வைக்க அல்ல. உறைந்த மண் நடுவில் இளகாமல் பார்த்துக்கொள்ளத்தான். எனவே மேல்மண் இரண்டு மூன்று செ.மீ. இறுகி உறைந்த பிறகே போடுங்கள். முன்கூட்டியே போட்டால் சூடு அடைபட்டுச் செடி உறக்கத்துக்குப் போகாது, எலிகளும் குடிபுகும். வைக்கோல், பைன் ஊசியிலை, துண்டாக்கிய இலை எதுவானாலும் 8 முதல் 10 செ.மீ. தடிமன் போதும். அந்த ஆண்டு நட்டவற்றுக்கே இது மிக அவசியம்; வேர் பிடித்த பழைய செடிகள் பெரும்பாலும் தாமே சமாளிக்கும். மரத்தடியில் போடும்போது தண்டைச் சுற்றி ஒரு கையகலம் வெறுமையாக விடுங்கள். எரிமலைபோலக் குவித்தால் பட்டை அழுகும்.

ஒட்டுக்கட்டிய ரோஜாவுக்கு மட்டும் வேறு முறை. இரண்டு மூன்று கடும் உறைபனி கண்ட பின், ஒட்டிடம் நன்றாக மூழ்கும்படி 25 முதல் 30 செ.மீ. உயரத்துக்கு மண் அணையுங்கள். அந்த மண்ணை வேறு இடத்திலிருந்து கொண்டுவர வேண்டும். செடியைச் சுற்றியே சுரண்டி அணைத்தால் வேரைத் திறந்து குளிருக்குக் கொடுத்ததாகிவிடும். கிளைகளைக் காற்றில் ஆடாத அளவுக்கு மட்டும் குறையுங்கள்.

எடுக்கும் கிழங்கும் நடும் கிழங்கும்

டேலியா, கன்னா, கிளாடியோலஸ் மூன்றும் உறைந்த மண்ணில் அழுகும். டேலியாவின் இலை முதல் உறைபனியில் கருத்ததும் தண்டை 10 முதல் 15 செ.மீ. விட்டு வெட்டி, ஒரு வாரம் பொறுத்து, தண்டிலிருந்து 30 செ.மீ. தள்ளி முட்கரண்டி மண்வெட்டியை இறக்கிக் கொத்தாகத் தூக்குங்கள். கழுத்து ஒடிந்த கிழங்கு எவ்வளவு பருமனாக இருந்தாலும் முளைக்காது, கண்கள் கழுத்துக்கு மேல் தண்டடியில்தான் இருக்கின்றன. நிழலில் உலர்த்தி, சற்றே ஈரமான மரத்தூளிலோ வெர்மிகுலைட் என்ற, ஈரம் தேக்கும் கனிமத் துகளிலோ புதைத்து, 4 முதல் 7 பாகை செல்சியஸ் இருக்கும் இருட்டறையில் வையுங்கள். மாதம் ஒருமுறை கிளறிப் பாருங்கள். சுருங்கினால் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள், அழுகினால் அந்தப் பாகத்தை வெட்டி எறியுங்கள். நிறத்தின் பெயரை இப்போதே எழுதிக் கட்டிவிடுங்கள். வசந்தத்தில் எல்லாக் கிழங்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கிளாடியோலஸை முதலில் இரண்டு மூன்று வாரம் கதகதப்பான, காற்றோட்டமுள்ள இடத்தில் காயவைத்து, அடியில் ஒட்டியிருக்கும் பழைய கிழங்கை ஒடித்தெறிந்துவிட்டு வலைப்பையில் தொங்கவிட வேண்டும்.

டியூலிப், டேஃபடில், குரோக்கஸ் ஆகியவற்றை நடும் காலமும் இதுதான். மண் 13 பாகைக்குக் கீழே இறங்கிய பிறகு, குமிழின் உயரத்தைப்போல மூன்று மடங்கு ஆழத்தில், கூர்முனை மேலே பார்க்க வையுங்கள். டியூலிப்புக்கு அது 15 முதல் 20 செ.மீ. வரும். அணில் தோண்டும் இடமானால் கோழிவலையை மேலே விரித்து மண் போடுங்கள். டேஃபடில் அதற்கு நஞ்சு, தொடாது.

பூண்டை மண் உறைவதற்கு 4 முதல் 6 வாரம் முன்பு நட வேண்டும். பல் 5 செ.மீ. ஆழம், இடைவெளி 15 செ.மீ. வேர் பிடிக்க அந்தக் காலம் வேண்டும், ஆனால் இலை பெரிதாக வெளியே வந்துவிடக் கூடாது.

தொட்டி, குளம், இயந்திரம்

சுட்ட மண் தொட்டி ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால் அடுக்கடுக்காக உரியும். காலிசெய்து, உலர்த்தி, உள்ளே கவிழ்த்து வையுங்கள். பிளாஸ்டிக் தொட்டி தப்பும், அதிலுள்ள செடி தப்பாமல் போகலாம். தரையில் நட்ட வேருக்கு மண்ணின் பாதுகாப்பு உண்டு, தொட்டி வேருக்கு நாலா பக்கமும் குளிர். சூடேற்றாத கொட்டகைக்குள் நகர்த்தி, மண் முழுதும் காயாமல் மாதம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் விடுங்கள்.

மீன் வளர்க்கும் குளத்தில் தண்ணீர் 10 பாகைக்குக் கீழே போனதும் தீனியை நிறுத்துங்கள், மீனுக்குச் செரிக்காது. தண்ணீர் 4 பாகையில்தான் அதிக அடர்த்தி கொள்ளும் என்பதால் அடியில் அந்தச் சூடு தங்கும். பம்பை ஆழத்தில் ஓட்டி அதைக் கலக்கிவிடாதீர்கள். மேலே ஒரு துளை மட்டும் உறையாமல் இருந்தால் போதும். பனிக்கட்டியைச் சுத்தியலால் உடைத்தால் அந்த அதிர்ச்சி மீனைக் கொல்லும். கொதிநீர்ப் பாத்திரத்தை மேலே வைத்து உருக்குங்கள்.

புல்வெட்டியின் தொட்டியில் பெட்ரோல் தங்கினால் பிசின்போலப் படிந்து கார்புரேட்டரை அடைக்கும். நிலைப்படுத்தும் திரவத்தைச் சேர்த்தால் சேர்த்ததோடு விடாமல் 5 முதல் 10 நிமிடம் ஓட்டுங்கள், அப்போதுதான் கலந்த பெட்ரோல் கார்புரேட்டர் வரை போகும். லித்தியம் பேட்டரியைப் பாதி சார்ஜில் வீட்டுக்குள் வையுங்கள்.

பாதையும் உப்பும்

சாதாரண உப்பு சுமார் −9 பாகை வரைதான் பனிக்கட்டியை உருக்கும், அதற்குக் கீழே கொட்டுவது விரயம். கால்சியம் குளோரைடு இன்னும் கீழே வேலைசெய்யும். இரண்டுமே வேரைக் கெடுக்கும், ஓராண்டு ஆகாத கான்கிரீட்டை உரிக்கும். செடிகளை ஒட்டிய நடைபாதைக்கு மணல் ஒரு பெட்டி தயாராக இருக்கட்டும். உருக்காது, கால் வழுக்காமல் பிடிக்கும். பாதையிலிருந்து தள்ளும் பனியை எந்தப் பக்கம் குவிப்பது என்று இப்போதே முடிவுசெய்யுங்கள். உப்பு கலந்த குவியல் வேலிச்செடிமீது விழக் கூடாது.

பாதை ஓரங்களையும் ஸ்பிரிங்க்ளர் தலைகளையும் பாத்தி விளிம்புகளையும் காட்ட 1 மீட்டர் உயரக் கம்புகளை, நுனியில் பளிச்சென்ற நிறம் பூசி, நட்டுவையுங்கள். மண் உறைந்த பிறகு சுத்தியலால் அடித்தாலும் கம்பு இறங்காது.